செருப்பு கழன்றது தெரியாத கால்: சிறுநீரகம் செயலிழந்த பிள்ளையின் நரம்புகளைக் காக்க ஒரு முழு வழிகாட்டி

தங்கச்சிமடத்திலிருந்து டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தான் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். "இந்த மாசத்துல மூணாவது செருப்பு சிஸ்டர், எங்கேயாவது விட்டுட்டு வந்துடுறான்" என்று அவன் அம்மா சலித்துக்கொள்வார். நாங்களும் சிரித்துக்கொண்டே ஊசி போடப் போய்விடுவோம். ஒருநாள் போர்வை விலகியபோது பார்த்தால், உள்ளங்காலில் சிப்பி கிழித்த காயம். மூன்று நாள் பழசு, சீழ் வைத்திருந்தது. "வலிக்கலையாடா?" என்று கேட்டால் விழிக்கிறான். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. செருப்பு கழன்றதை அவன் கால் அவனுக்குச் சொல்லவே இல்லை.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து இராமேஸ்வரம் வரை, அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை, வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாவுக்காக. மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. கவனித்து, எழுதிவைத்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது உங்கள் வேலை. அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலில், கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

கூட்டுக் குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் நிற்பது கடைசித் தெரு வீட்டுக்குத்தான். நரம்பும் அப்படியே. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. ரத்தத்தில் கழிவு தேங்கும்போது முதலில் வாடுவது அந்த நுனிதான். இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். கைக்கு வருவது அதற்கப்புறம்.

நம் ஊரில் "உடம்புல உப்பு ஏறிப்போச்சு" என்பார்கள். அது சாப்பாட்டு உப்பு இல்லை, யூரியாவையும் கிரியேட்டினினையும் சொல்கிறார்கள். அந்த இரண்டும் நாம் அளந்து பார்க்கும் கழிவுகள் மட்டுமே. அவற்றைவிடப் பருமனான, டயாலிசிஸில் மெதுவாக வெளியேறும் கழிவுகளும் உண்டு. நரம்பைக் கெடுப்பதில் அவற்றுக்குப் பங்கு இருப்பதாக மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். பொட்டாசியம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தாலும் நரம்பு சோர்ந்துபோகும்.

ஒரு பழைய கதை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில்தான் தொடர்ச்சியான டயாலிசிஸ் சிகிச்சை ஆரம்பமானது. அப்போது நாள்களை மிகவும் தள்ளித்தள்ளிச் செய்தார்கள். ஆள் உயிரோடு இருந்தார், ஆனால் சிலருக்குக் கால் செயலிழக்க ஆரம்பித்தது. டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டியபோது நிலைமை தேறியது. எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், டயாலிசிஸ் போதவில்லை என்பதை அன்று மருத்துவர்களுக்குச் சொன்னதே நோயாளியின் கால்தான். கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் அதை இந்தக் கண்ணோடு பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு "நரம்பு மாத்திரை" வாங்கிப் போட்டு அந்தக் குரலை அடக்கிவிடாதீர்கள்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வெளியே தெரியும்படியான நரம்புச் சேதம் குறைவு. ஆனால் கருவி வைத்துச் சோதித்தால், ஒன்றும் சொல்லாத பிள்ளைக்கும் நரம்பில் சேதி ஓடும் வேகம் குறைந்திருப்பது தெரியவரும்.

படி 1: கிட்னி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டயாலிசிஸ் தொடங்காத பிள்ளைக்கு இதை வீட்டிலேயே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் (ரிப்போர்ட்டில் mg/dL என்று இருப்பது) வகுக்க வேண்டும். உயரம் 120, கிரியேட்டினின் 4 என்றால் விடை 12 சொச்சம். 15க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். நரம்புத் தொந்தரவு பெரும்பாலும் தலைகாட்டுவது இந்தக் கட்டத்தை ஒட்டித்தான். கைக்குழந்தைக்கும், டயாலிசிஸில் இருக்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கூடவே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கிட்னி ஏன் போனது? சில பிள்ளைகளுக்குக் கதை தலைகீழ். பிறக்கும்போதே முதுகுத்தண்டில் குறை இருக்கும், அதனால் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாது, தேங்கிய சிறுநீர் மேலே அழுத்திக் கிட்னியைக் கெடுத்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கால் பலவீனம் முதுகிலிருந்து வருகிறது. முதுகின் அடிப்பகுதியில் குழியோ, முடிக்கற்றையோ, கொழுப்புக் கட்டியோ இருந்தால், மலம் சிறுநீர் கட்டுப்பாடு மோசமாகிக்கொண்டே போனால், முதுகை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

படி 2: மாதம் ஒருமுறை, ஒரே நாளில், காலைப் பாருங்கள்

40 பக்க நோட்டு ஒன்று போதும். அமாவாசையன்று படகு போகாத வீடாக இருந்தால் அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. அப்பாவும் வீட்டில் இருப்பார்.

முதலில் நடக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக, பிறகு குதிகாலை மட்டும் ஊன்றி பத்து அடி. பாதத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் முன்பாதம் தொப்பென்று விழுந்தால் தசைக்குப் போகும் நரம்பு தளர்கிறது என்று பொருள். நாலு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை குதிகாலில் நடக்காது, அதை வற்புறுத்த வேண்டாம். அதற்குப் பதில், தரையில் உட்கார்ந்த பிள்ளை எப்படி எழுந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பு கையூன்றாமல் எழுந்தவன் இப்போது தொடையில் கையூன்றி எழுந்தால் எழுதிவையுங்கள்.

அப்புறம் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். கண் திறந்திருக்கும்போது ஆடாமல் நின்றவன் மூடியதும் தள்ளாடினால், பாதம் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகவில்லை. இரவில் கரண்ட் போனபோது மட்டும் தடுமாறுகிறான் என்று ஒரு தாய் சொன்னார். அதுவும் இதுதான்.

மூன்றாவது, பஞ்சு. நுனியைத் திரித்துக்கொண்டு, கண் மூடிய பிள்ளையின் பெருவிரலில் தொடங்கி முழங்கால் வரை அங்கங்கே தொடுங்கள். தொட்டால் "ம்" சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போதும் ஒன்றிரண்டு தடவை "தொட்டேனா?" என்று கேளுங்கள், நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஊகித்தே சொல்லிவிடுவார்கள். வெந்நீர் வைத்துச் சோதிக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோன பிறகும் சொல்லாது.

அதிர்வை உணரும் திறன் சீக்கிரமே போய்விடும் ஒன்று. மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கணுக்கால் எலும்பில் வைத்து அதைப் பார்ப்பார். கணுக்காலின் பின்பக்கம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் அவர் வேலை. அவர் மறந்துவிட்டால் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

கடைசியாகப் பேச்சு. பிள்ளைகள் "மரத்துப்போச்சு" என்று சொல்வது அபூர்வம். "எறும்பு ஊருது", "மணல் ஒட்டியிருக்கு, தட்டிவிடும்மா", "கால் உள்ளே குறுகுறுங்குது" என்பார்கள். இரவானால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, எழுந்து நடந்தால் சரியாவது, அமுக்கிவிடச் சொல்லி அழுவது, இதெல்லாம் ஓயாக் கால் தொந்தரவு. இரும்புச்சத்துக் குறைவு இதைக் கூட்டும். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் சோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது டயாலிசிஸ் நடுவிலேயே வந்தால், பெரும்பாலும் தண்ணீரை வேகமாக எடுத்ததால் வருவது. அதை நரம்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கைக்குழந்தைக்குச் சோதனையே வேறு: கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எந்த மாதம், வந்த வளர்ச்சி ஏதாவது திரும்பிப் போனதா, தலைச் சுற்றளவு கூடுகிறதா. பின்தங்கினால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 3: நரம்பு வேகப் பரிசோதனைக்குப் போகும்போது

சின்னச் சின்ன கரண்ட் அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். "ஒண்ணும் செய்யாது" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். அடுத்த ஊசிக்கும் அந்தப் பிள்ளை உங்களை நம்பாது.

மூன்று விஷயம் ரிப்போர்ட்டைக் கெடுக்கும். ஒன்று, குளிர். ஏசி அறையில் கால் சில்லிட்டிருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத் தெரியும், கால் சூடாக இருக்க வேண்டும். இரண்டு, கால் வீக்கம். மூன்றாவதுதான் முக்கியம், வயது. பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களுடையதில் பாதிதான். மூன்று முதல் ஐந்து வயதுக்குள்தான் பெரியவர்கள் அளவுக்கு வந்து சேரும். இரண்டு வயதுப் பிள்ளையின் முடிவைப் பெரியவர் அளவோடு ஒப்பிட்டுப் பயமுறுத்தும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். திரும்ப எடுக்கும்போது டயாலிசிஸுக்கு முன்பா பின்பா என்பதையும் முதல் தடவை மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அடுப்படி

இங்கேதான் நம் கடற்கரை வீடுகளுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு.

பொட்டாசியம் கூடாது என்றதும் வாழைப்பழத்தை நிறுத்துவார்கள். வெயிலில் வந்த பிள்ளைக்கு இளநீர் மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள், "குளிர்ச்சிதானே" என்று. ஒரு டம்ளர் இளநீரில் 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி கைவிட்ட பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. கருப்பட்டியிலும் பொட்டாசியம் உண்டு. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் இருப்பதே பொட்டாசியம் குளோரைடுதான், அது வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும்.

இந்தப் பொட்டாசியக் கட்டுப்பாடு இதயத்துக்காக மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிறுநீரக நோயுள்ள பெரியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பொட்டாசியத்தை இரண்டு ஆண்டுகள் கட்டுக்குள் வைத்தவர்களின் நரம்புகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கெட்டன. குழந்தைகளிடம் செய்த ஆய்வல்ல அது, ஆனாலும் வழிகாட்டுகிறது.

சரி, காய்கறியை என்ன செய்வது? பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பொட்டாசியம் குறையும். ஆனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து ஓடுவது இன்னொன்றும் உண்டு: நரம்புக்கு வேண்டிய பி வைட்டமின்கள். போதாததற்கு டயாலிசிஸும் அவற்றை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைக்குப் பசியும் இருக்காது. ஒரு பக்கம் காப்பாற்றும் சமையலே இன்னொரு பக்கம் நரம்பைப் பட்டினி போடுகிறது. ஆகவே காய்த்தண்ணீரைக் கொட்டும் வீட்டில் கிட்னிக்கென்று உள்ள பி வைட்டமின் மாத்திரை தவறக் கூடாது. கடையில் கிடைக்கும் பொது டானிக் வேண்டாம், அதில் இருக்கும் வைட்டமின் ஏ இந்தப் பிள்ளைகளின் உடம்பில் தேங்கும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அளவு மீறினாலும் கெடும். இரண்டு மூன்று டானிக்கை ஒன்றாகக் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சோறு புழுங்கலரிசியாக இருந்தால் நல்லது, பச்சரிசியைவிட அதில் பி1 தங்கும்.

மீன் நம் அதிர்ஷ்டம். பி12 நிறைய. கருவாடாக்காத புது மீனைச் சமைத்து, எலும்பு நீக்கி, டயட்டீஷியன் சொன்ன அளவில் கொடுக்கலாம். கருவாடு வேறு கதை: உப்பு, கூடவே முள்ளோடு தின்னும் நெத்திலியில் பாஸ்பரஸ். பாஸ்பரஸ் ஏறினால் கால்சியம் இறங்கும். வாயைச் சுற்றி ஊறல், விரல்கள் கூம்பி இழுத்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை.

ஆனால் உப்பையும் தண்ணீரையும் எல்லாப் பிள்ளைக்கும் குறைக்கக் கூடாது. பிறவியிலேயே கிட்னி சரியாக அமையாத சில பிள்ளைகள் சிறுநீரை லிட்டர் லிட்டராகப் போவார்கள், உப்பும் அதிலேயே போகும். அவர்களுக்கு இரண்டையும் கொடுத்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு டயட் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

படி 5: டயாலிசிஸைத் தவறவிடாமல் இருப்பது

நரம்புக்கு இதைவிடப் பெரிய மருந்து இப்போதைக்கு இல்லை. டயாலிசிஸ் சரியாகக் கிடைத்தால் சேதம் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசில்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் வீடுகள் டயாலிசிஸைத் தள்ளிப்போடும். வாரம் மூன்றை இரண்டாக்குவார்கள். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் சொச்சம், போய்வர ஒரு நாள் போய்விடுகிறது, யாரைக் குறை சொல்ல? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தடைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும்.

தூரம்தான் பிரச்சினை என்றால் வயிற்று வழி டயாலிசிஸைப் பற்றிக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் அதுதான் ஏற்றது. தினமும் வீட்டிலேயே செய்யலாம், பள்ளிக்கும் போகலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். வீட்டுத் தண்ணீர் உப்பாக இருந்தால் முடியாதோ என்று பலர் கேட்கிறார்கள். பையில் உள்ள திரவம் கிருமி நீக்கியது, உங்கள் தண்ணீர் கை கழுவ மட்டும்தான். கடலிலும் ஊருணியிலும் குளிப்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட பிள்ளைக்கு அந்தக் கை விரல்கள் சில்லிட்டு வலித்தாலோ, ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே கை பலமிழந்தாலோ, காத்திருக்காமல் அறுவை செய்தவரிடமே போங்கள். அந்தக் கை நரம்புக்கு ரத்தம் பற்றவில்லை.

படி 6: மருந்துப் பை

இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபாபென்டின், பிரிகாபாலின் இரண்டும் கிட்னி வழியாகவே வெளியேறுபவை. சாதாரண அளவு கொடுத்தால் பிள்ளை தூங்கி வழியும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் சில வேளைகளிலேயே நினைவிழக்க வைத்துவிடும். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுத்தால் கூடவே பி6 உண்டா என்று பாருங்கள். சிறுநீர்க் கிருமிக்கான நைட்ரோஃபுரன்டாயின் கிட்னி செயலிழந்தவர்களுக்கு ஆகாது, நரம்பைக் கெடுக்கும். மெட்ரோனிடசோலை நாள்கணக்கில் நீட்டினாலும் அப்படியே. கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டவே வேண்டாம். அலுமினியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து மூளையைப் பாதிக்கும். நாட்டு மருந்து என்றால் பற்பம், செந்தூரம் வகைகளை மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஈயமும் பாதரசமும் நரம்பின் பழைய எதிரிகள், அவற்றை வெளியேற்றும் கிட்னி இந்தப் பிள்ளைக்கு இல்லை.

படி 7: மணலும் சிப்பியும்

உணர்ச்சி குறைந்த காலுக்கு நம் கடற்கரை ஆபத்தான இடம். மதிய மணல் சுடும், சிப்பியும் பவளக்கல்லும் கிழிக்கும், வலை உலர்த்தும் இடத்தில் தூண்டில் முள் கிடக்கும். பின்பட்டி வைத்த செருப்பு வாங்குங்கள், கழலாது. போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ராத்திரி தூங்கிய பிறகு டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தால் இரண்டு நிமிடம்தான் ஆகும். நகத்தை நேராக வெட்டுங்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ காலிலிருந்து மேலே ஏறும் பலவீனம், மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்போடு உடல் துவண்டு போவது: பொட்டாசியம் உச்சத்துக்குப் போயிருக்கலாம், 108ஐ அழையுங்கள். மெதுவாக மாதக்கணக்கில் வருவது இதுவரை பேசிய, கழிவு தேங்கி வரும் நரம்பு நோய், இப்படி ஓடி வருவது வேறு. கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொள்வது அவரவர் நம்பிக்கை, நானும் போவேன். ஆனால் வலிப்பு வந்த அன்று முதலில் ஆஸ்பத்திரி.

மாற்றுச் சிறுநீரகம்

நரம்பு நிஜமாகவே திரும்பி வளர்வதை நான் பார்த்தது மாற்று அறுவைக்குப் பிறகுதான். முதல் சில வாரங்களிலேயே எரிச்சல் குறையும், பிறகு மாதக்கணக்கில் மெதுவாக உணர்ச்சி ஏறும். நரம்பு நெடுநாள் கெட்டிருந்தால் திரும்புவதும் குறைவு, அதனால்தான் சீக்கிரம் பதியச் சொல்கிறோம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குக் காத்திருக்க, சிகிச்சை பெறும் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிய வேண்டும். குடும்பத்தில் யாராவது கொடுக்க முடியுமா என்பதையும் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பேசிவிடலாம்.

அறுவைக்குப் பிறகு, புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கலாம். பென்சில் பிடிக்க முடியவில்லை என்று டீச்சர் சொல்லித்தான் பல வீட்டில் தெரியவருகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நடுக்கம் தொடங்கிய தேதியை அதே 40 பக்க நோட்டில் எழுதிக்கொண்டு போய், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.